அண்ணன் கீழே, தம்பி மேலே

விருத்தாசலத்தில் நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு சிறிய அலுவலகம் நடத்துகிறோம். நான் ஆர்க்கிடெக்ட், அவர் சிவில் என்ஜினீயர். புது வீட்டுக்குப் பிளான் கேட்டு வருகிறவர்களைவிட, இருக்கிற வீட்டை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகிவிடும் இல்லையா?

பெரிதாகும்தான். ஆனால் இந்த ஊர்ப் பழைய வீடுகளில் தூண் கிடையாது. செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் கட்டிய மாடியும் அதே சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு சுவரில் கை வைக்க வேண்டுமானால் மேலே குடியிருப்பவரையும் கேட்டாக வேண்டும். அண்ணன் தம்பி வீடுகளில் அது சுலபமான காரியமில்லை.

போன வருஷம் ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்தக் கணவருக்குப் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. மகளுக்கு வரன் முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைக்க அவருக்கு ஆசை. அதற்காக ஹாலுக்கும் முன்னறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுக்க வேண்டும் என்றார்.

போய்ப் பார்த்தோம். கீழ்வீடு அவர்களுடையது. மாடியில் அவருடைய தம்பி, மனைவியோடும் தத்தித் தத்தி நடக்கிற ஒரு பெண் குழந்தையோடும் இருந்தார். மாடியையும் அளக்க வேண்டும் என்றபோது, தாங்கள் மேலே போவதில்லை என்றும் வேண்டுமானால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் அண்ணன் சொன்னார். அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

தம்பி செராமிக் சூளையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். கீழ்ச்சுவருக்கு நேர் மேலே மாடியிலும் ஒரு சுவர் இருந்தது. படுக்கையறைக் கதவு அதில்தான் இருந்தது. இறங்கி வந்து அண்ணனிடம் தெளிவாகச் சொன்னேன். முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும், பிறகு இரும்பு பீம் ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் இடிக்கலாம். அவரும் சரி என்றார். ஆனால் பட்டறையில் பீம் தயாராவதற்குத் தாமதமாயிற்று. நிச்சயதார்த்த நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மேடம், செவுத்த இடிக்கிறாங்க. பீம் இன்னும் வரலன்னு சொன்னேன், இவரு கேக்கல. நீங்க வந்து சொல்லுங்க."

என் கணவர் வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தபடியே சென்ட்ரிங் கடைக்குப் போன் போட்டு, தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கிகளை உடனே அந்த வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்.

நாங்கள் உள்ளே போனபோது சுவர் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஹால் நடுவில் செங்கல் குவியல். மேஸ்திரி ஸ்டூல்மேல் நின்று மிச்சத்தை உடைத்துக்கொண்டிருந்தார். சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார் என் கணவர். ஆசிரியையும் மகளும் தெருவுக்குப் போனார்கள். அண்ணன் மட்டும் நகரவில்லை.

"ஒண்ணும் ஆவாது சார். எங்கப்பா கட்டுன வூடு இது."

 என் கணவர் அவர் தோளைப் பிடித்து மேலே பார்க்கவைத்தார். தளத்தின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதிலிருந்து சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று பெயர்ந்து அவர் சட்டைமேல் விழுந்தது. அவர் சுவரோரமாக ஒதுங்கினார்.

நான் பக்கவாட்டுப் படியில் மாடிக்கு ஓடினேன். தம்பி கதவைத் திறந்தார். உடனே எல்லோரும் கீழே வந்துவிட வேண்டும் என்றேன். அவர் முகம் இறுகியது.

"எங்கள வெளிய அனுப்புறதுக்கு இது ஒரு வழியா? அவரு சொல்லி அனுப்பிச்சாரா?"

யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. பின்னால் நின்ற அவர் மனைவிதான் தரையைக் காட்டினார். சற்றுமுன் டைல்ஸ் ஒன்று தானாக வெடித்ததாம். குழந்தை எங்கே என்று கேட்டேன். உள்ளே தூங்குகிறாள், இடிக்கிற சத்தத்தில் விழித்துவிடக் கூடாதென்று படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டே அவர் போய்க் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. மறுபடியும் தள்ளினார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. சுவர் இறங்கியதில் நிலை சாய்ந்து கதவைக் கவ்விப் பிடித்திருந்தது.

தம்பி இரண்டடி பின்னால் போய்த் தோளால் இடிக்கத் தயாரானார். நான் குறுக்கே நின்றேன்.

"இடிக்காதீங்க. இந்தச் செவுத்துக்குக் கீழ இப்ப ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கதவிலிருந்து விலகி நின்றார். ஜன்னல் வழியாகப் போகலாம் என்றால் கம்பி போட்டிருந்தது. எங்கள் பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்து அழத் தொடங்கினாள். தாய் கதவில் வாயை வைத்து, அம்மா இங்கதான் இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் படியில் பாதிவரை இறங்கி என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் ஜாக்கிகளோடு லோடு ஆட்டோ வந்துவிட்டது. கனமான பலகையைத் தளத்துக்கு அணைவாக வைத்து, அதன் கீழ் ஜாக்கிகளை என் கணவரும் மேஸ்திரியும் வரிசையாக நிறுத்தினார்கள். தளத்தை மயிரிழை அளவு தூக்கினால்கூட நிலை விடுபடும், ஆனால் ஒரே மூச்சில் தூக்கினால் விரிசல் பெரிதாகும் என்று என் கணவர் எச்சரித்தார். ஒரு ஜாக்கி மேஸ்திரியிடம். இன்னொன்றின் திருகுக் கம்பியை அண்ணன் வாங்கிக்கொண்டார். வேண்டாம், வெளியே போங்கள் என்று சொல்லியும் அவர் போகவில்லை.

கீழே கேட்பதை மேலே சொல்லவும், மேலே சொல்வதைக் கீழே சொல்லவும் நான் படி நடுவில் நின்றேன். குழந்தையின் அழுகையில் என் குரல் எடுபடவில்லை. எந்தப் பக்கம் ஏற்ற வேண்டும் என்று கீழிருந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் தம்பியே படியின் மேல்முனைக்கு வந்து குனிந்தார்.

"அண்ணே, தெரு பக்கம் ஏத்து."

 கீழிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"கீல் பக்கமா, பூட்டு பக்கமா?"

"பூட்டு பக்கம்."

"பாத்துச் சொல்லுடா. நான் மெதுவாத்தான் ஏத்துவேன்."

அதன் பிறகு நான் தேவைப்படவில்லை. தம்பி கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏத்து, நிறுத்து, இன்னும் கொஞ்சம் என்று கத்தினார். கீழே கம்பி திரும்பும் கிறீச்சொலி கேட்டது. தளத்துக்குள் எங்கோ ஒரு முனகல்.  பக்கச் சுவரில் கை வைத்திருந்தேன். அது லேசாக அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது.

கதவு சட்டென்று இளகியது. முழுதாகத் திறக்கும்வரை தாய் காத்திருக்கவில்லை. கிடைத்த இடுக்கில் உடம்பை நுழைத்துப் போய்க் குழந்தையை அள்ளிக்கொண்டு வந்தார். வியர்வையில் அவள் தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. எல்லோரும் தெருவுக்கு இறங்கினோம்.

அண்ணன் கடைசியாக வெளியே வந்தார். தலை முதல் கால்வரை புழுதி. குழந்தையைத் தொடவில்லை. பாப்பாவுக்கு ஒன்றும் இல்லையே என்று தம்பி மனைவியிடம் கேட்டார். இல்லை என்று அவர் தலையசைத்தார். பிறகு அண்ணன் தன் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீதான் போன் பண்ணியா?"

"ஆமா. நான்தான்."

ஆசிரியை கண்ணைத் தாழ்த்தாமல்தான் சொன்னார். அண்ணன் தெருக்குழாயில் முகம் கழுவப் போனார்.

நிச்சயதார்த்தம் மாதாகோயில் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. தம்பி குடும்பத்தினர் பக்கத்திலிருக்கும் மங்களூர் கிராமத்தில் மனைவியின் தாய்வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு, விழாவுக்கு வந்தார்கள். தம்பி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். பீம் வந்த பிறகு வேலையைத் தொடர்ந்தோம். சுவரை முழுதாக எடுக்கவில்லை. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் விட்டு, நடுவில் அகலமான திறப்பு வைத்தேன். அவர் கேட்ட அளவுக்கு ஹால் பெரிதாகவில்லை.  மாடியில் விரிசல் விட்ட சுவரை இறக்கிவிட்டு, எடை குறைந்த கல்லால் கட்டினோம். புது நிலை எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்ய அண்ணனே மாடி ஏறி வந்தார். தம்பி அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். அண்ணன் உட்காரவில்லை, ஆனால் வேலை முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அண்மையில் ஆசிரியையை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இன்னும் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்றார். மாடியில் தண்ணீர் நின்றுபோனால் தம்பி படியில் நின்று குரல் கொடுக்கிறாராம். அண்ணன் எழுந்து போய் மோட்டார் போடுகிறாராம்.