அறுந்து போகும் நரம்பு

எமரால்டு அணைக்கரையில்தான் அவரைப் பார்த்தேன். சாயம் போன ஸ்வெட்டர், காது மூடிய கம்பளிக் குல்லா. தூண்டில் போடும் முன், நைலான் நரம்பின் நுனியை ஒரு மரவேரில் கட்டி, அது அறும்வரை இழுத்தார். அறுந்த பிறகுதான் முள்ளைக் கட்டினார்.

நரம்பு சரியில்லை போலும் என்று நினைத்து, என்னிடமிருந்த தூண்டிலுக்கான பின்னல் நூலை நீட்டினேன்.

"இத வெச்சுக்குங்க. எப்படி இழுத்தாலும் அறுந்து போகாதுங்க."

"தெரியுமுங்க. எம் பையன் அதத்தான் வெச்சிருந்தான்" என்றார். "இதே கரைதானுங்க. தண்ணிக்குள்ள மரக்கட்டையில முள்ளு மாட்டிக்கிச்சு. நூலை மணிக்கட்டுல சுத்திக்கிட்டு இழுத்தான். சேறு சறுக்கி உள்ள போயிட்டான். நூல் மட்டும் அறுந்து போகலீங்க."

நூலைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவருடைய தூண்டில் வில்லாக வளைந்தது. பெரிய மீன். பட்டென்று நரம்பு அறுந்தது. ஐயோ, போய்விட்டதே என்றேன்.

அவர் தண்ணீர் அலை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொழச்சுப் போகட்டுமுங்க" என்றார்.