அம்மாவின் காது உயரம்

போன வாரம் சென்னையில் ஒரு ஆடியோ கடைக்குப் போயிருந்தேன். ஸ்பீக்கர் ஸ்டாண்டு வாங்கத்தான். தேக்கில் கொஞ்சம், இரும்பில் கொஞ்சம் என்று சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். தேங்காய் வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றையும் விரலால் தட்டித் தட்டிக் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுமையான மனிதர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வீட்ல சோபா எவ்ளோ உயரம் சார்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லாத ஒரு சோபாவால் ஒரு காலத்தில் நான் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில். கூடத்தில் பாதி தறிக்கு, மீதி எங்களுக்கு. அப்போது இருந்தது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது மந்தம். ஆனால் பாட்டு இல்லாமல் கை ஓடாது. ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் போனைப் போட்டு வலது பக்கம் வைத்துக்கொள்வாள். டம்ளர் சத்தத்தைக் கூட்டும், வார்த்தைகளைக் கூழாக்கிவிடும். புரியாத இடம் வந்தால் என் பக்கம் திரும்புவாள்.

"இன்னா சொல்றாரு கண்ணு, இந்த எடத்துல?"

நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அந்த வரியைக் கத்திச் சொல்வேன். பிறகு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டேன். அப்பா நல்ல மனிதர்தான், ஆனால் பாட்டு விஷயத்தில் அவரை நம்ப முடியாது. எந்த வரியைக் கேட்டாலும் "ஏதோ லவ்வுதான்" என்று முடித்துவிடுவார். அம்மா யாரிடமும் அர்த்தம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒரகடம் பக்கம் வேலை கிடைத்ததும் நான் முதலில் வாங்கியது ஒரு ஜோடி ஸ்பீக்கர். அம்மா யாரையும் கேட்காமல் தானே வார்த்தைகளைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன் என்று ஒரு வீம்பு. ஸ்டாண்டு பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உட்கார்ந்திருப்பவர் காதுக்கு நேராக ஸ்பீக்கர் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூடவே ஒரு படம். அதில் சோபாவில் ஒரு ஆள் சாய்ந்திருந்தான். அவன் காதுக்குப் போட்டிருந்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, இரும்புக் குழாயில் ஸ்டாண்டு செய்யச் சொன்னேன். தறி அடிக்கிற அடிக்கு வெற்றுக் குழாய் அதிரும் என்று உள்ளே பாலாற்று மணலை நிரப்பினேன். அதில் எனக்குத் தனிப் பெருமை.

கறுப்புப் பெயிண்டை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வூட்டுல நல்லது பொல்லாது இருக்குது, கறுப்பு வேணாம் என்றாள். அப்பாவும் அவளும் ஒரு சேலைக்கு யோசிப்பதுபோல உட்கார்ந்து பேசி, உடம்புக்கு அரக்கு, ஓரத்துக்கு மாம்பழக் கலர் என்று முடிவு செய்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அத்தனை அழகான ஸ்டாண்டை இன்றுவரை எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

பாட்டைப் போட்டேன். அம்மா தறியில் இருந்தபடியே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லாதான் இருக்குதுபா. பக்கத்துத் தெரு கல்யாணத்துல பாடிக்கினு இருக்கிற மாரி."

அடுத்த வாரமே டம்ளர் திரும்பி வந்துவிட்டது. அப்பா ஸ்டாண்டின் கழுத்தில் பட்டு நூல் கழிகளை மாட்டினார். உசரம் வாட்டமா இருக்குது என்று சொல்லி எனக்கு ஆறுதல் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பலகை மேல் இருந்த நூல் சுற்றிய தார் ஒன்று உருண்டு குழிக்குள் விழுந்தது. எடுக்க இறங்கியவன், அப்படியே அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். அதற்கு முன் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. தறியில் கை வைத்தால் படிப்பு போய்விடும் என்று அம்மா என்னை விட்டதில்லை. உட்கார்ந்ததும் பாடகரின் குரல் என் தலைக்கு மேலே போய், பின்னால் இருந்த சுவரில் மோதியது. நின்றுகொண்டு கேட்டபோது கண்ணாடி மாதிரி இருந்த வரி, இங்கே ஒரு முணுமுணுப்பு. எங்கள் வீட்டில் சோபாவே கிடையாது. எல்லோரும் தரையில்தான். இதை யோசிக்க எனக்குப் பொறியியல் பட்டம் போதவில்லை.

மறுநாளே பட்டறையில் கொடுத்து அறுக்கச் சொன்னேன். மணல் கொட்டியது. பாதிக்கும் கீழே குட்டையாகி, முக்காலி மாதிரி வீட்டுக்கு வந்த ஸ்டாண்டுகளைப் பார்த்து அப்பாவுக்கு வருத்தம், நூல் மாட்ட முடியாதே என்று. அம்மா அன்று ஒரு பாட்டு முடியும்வரை தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இத்தினி வருசமா 'போறேன்'னு பாடிக்கினு இருக்கேன். அந்தாளு 'வரேன்'னு இல்ல சொல்றாரு."

போன தை மாதம் அம்மாவின் முட்டிவலிக்காகக் குழியை மூடிவிட்டோம். தறியை மேலே தூக்கி, பெஞ்சில் உட்கார்ந்து நெய்கிற மாதிரி மாற்றியாயிற்று. அதனால்தான் போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். அங்கிருந்தே போன் செய்தேன். பின்னால் பாட்டு ஓடியது. இரு, இந்த வரி முடியட்டும் என்று என்னைக் காக்க வைத்துவிட்டுத்தான் பேசினாள். இப்போது காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு மொழம், ஒரு சாண்" என்றாள் உடனே. அளக்க எழுந்திருக்கவில்லை. முன்பே அளந்து வைத்திருக்கிறாள்.

கடைக்காரர் பார்க்கப் பார்க்க, முழங்கையை ஊன்றி ஸ்டாண்டை அளந்தேன். குழி இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை. கோடையில் குழியிலிருந்து ஏறி வரும் ஈர மண் வாசனை இல்லை. டம்ளர் அடுக்களைக்குப் போய்விட்டது. "இன்னா சொல்றாரு கண்ணு?" என்று என் பக்கம் திரும்பும் முகமும் இப்போது இல்லை. அந்த ஒன்று இல்லாமல் போவதற்காகத்தான் இத்தனை பாடும்.