மூடுவிழா வக்கீலம்மா

மூடுவிழா என்ற பெயரைக் குடைக்காரர் மனைவி முதன்முதலாகக் கேட்டது ரொட்டிக்கடை வரிசையில் நின்றபோதுதான். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து மூடுவிழா இங்க வந்துட்டுப் போச்சாம்."

"இந்தக் கடைக்கா? நல்லாத்தானே ஓடிட்டிருக்கு."

"ஓடற மாதிரிதான் தெரியும். உள்ளுக்குள்ள என்னவோ யாரு கண்டா."

விழா என்றால் நாலு நாற்காலியாவது போட்டிருக்க வேண்டுமே என்று அவள் எட்டிப் பார்த்தாள். நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ரொட்டிக்கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாவு கொண்டுவருகிறவன் மூட்டையை இறக்காமல் வண்டியோடு வாசலில் நின்றான்.

"அந்தம்மா பசிக்கு ஒரு பன்னு வாங்கித் தின்னுட்டுப் போனாங்கய்யா. பன்னு விக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று கடைக்காரர் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மூடுவிழா என்பது ஒரு வக்கீலம்மா. அந்த ஊரில் விவாகரத்துக்கு ஒரு வக்கீல், நிலத்தகராறுக்கு ஒரு வக்கீல், அடிதடிக்கு ஒரு வக்கீல் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் கைவைக்காமல் மிச்சமிருந்தது கம்பெனிகளைச் சட்டப்படி மூடிக் கலைக்கிற வேலை. அதை இந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். கம்பெனி ஆரம்பிக்கிறபோது எல்லாருக்கும் வக்கீல் வேண்டும், பூ வேண்டும், போட்டோ வேண்டும். மூடுகிறபோது வக்கீல் மட்டும்தான் வேண்டும், அதுவும் யார் கண்ணிலும் படாமல்.

இவர் தபால் ஆபீஸ் அதிகாரியின் மூத்த மகள். தங்கைகள் மூன்று பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தான் கட்டாமலே நின்றுவிட்டவர். இவருடைய தாய்மாமன் ஒரு சோப்புக் கம்பெனி நடத்தினார். அது முழுகியபோது மனிதர் கதவைப் பூட்டிச் சாவியை வாய்க்காலில் எறிந்துவிட்டு ஊரைவிட்டே ஓடிப்போனார். மாமியும் பிள்ளைகளும் தெருவில் தலைகாட்ட முடியாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் இவர் சட்டம் படிக்கப் போனார். "கம்பெனி நடத்தத் தெரியாததுல ஒரு கேவலமும் இல்லை. மூடத் தெரியாம ஓடறதுலதான் கேவலம்" என்பார்.

இந்த அம்மாளின் வாசல்படியைத் தானும் மிதிக்க வேண்டியிருக்கும் என்று குடைக்காரர் மனைவி கனவிலும் நினைக்கவில்லை. அவளுடைய மாமனார் ஆரம்பித்த குடைக் கம்பெனி அவர்களுடையது. கம்பி வளைப்பது, துணியை முக்கோணமாக வெட்டித் தைப்பது, கைப்பிடி பொருத்துவது என்று எல்லாம் அந்த ஒரே கூடத்தில் நடக்கும். குடைக்காரர் செய்கிற குடை புயலுக்கும் மடங்காது. கோளாறே அதுதான். ஒருமுறை வாங்கினவர்கள் மறுபடி வாங்க வருவதே இல்லை. புதிதாக வாங்குகிறவர்களோ, பையில் போட்டுக்கொள்ளுகிற மாதிரி சின்னதாக, மலிவாக வேறு எங்கோ வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மழைக்கோட்டுக் கம்பெனியில் இருந்து அவரைக் கூப்பிட்டார்கள். தையல் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. மழை சம்பந்தப்பட்ட சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறவரை உள்ளே விடமாட்டார்கள். கம்பெனியை மூடுவதாகத் தீர்மானம் நிறைவேறி, கலைப்பதற்கு ஆள் போட்டாகிவிட்டது என்று காகிதம் கொண்டுவர வேண்டும். தலை நரைத்தவருக்கு இப்படி ஒரு வேலை இன்னொரு தடவை வராது. அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வேலையில்லாமல் வீட்டில் இருக்கத் தொடங்கியதிலிருந்து மனிதர் சமையலறையைச் சீர்திருத்த ஆரம்பித்திருந்தார். உப்பு டப்பாவுக்கு ஒரு நம்பர், மிளகு டப்பாவுக்கு ஒரு நம்பர் ஒட்டியாகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் போனால் தனக்கும் நம்பர் ஒட்டிவிடுவார் என்று அவள் பயந்தாள்.

அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்த மறுநாள் வக்கீலம்மா பின்வாசல் வழியாகத்தான் வந்தார். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், அடையாளம் தெரியாமல் இருக்கவேண்டுமென்று, மழைக்கோட்டைத் தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"மேடம், குடை செய்யறவன் வீட்டுக்கு வர்றப்பவாவது ஒரு குடை பிடிச்சிட்டு வந்திருக்கலாம்" என்றார் குடைக்காரர். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"குடை பிடிச்சா முகம் தெரியுமேப்பா" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார் வக்கீலம்மா. "சரி, பங்குதாரர்கள் யார் யாரு?"

"நம்ம ஜனங்கதான் மேடம்."

"நம்ம ஜனம்னா?"

குடைக்காரர் மனைவியைப் பார்த்தார். இந்த இடத்தில் ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் அப்பாவும் சரி, மகனும் சரி, சொந்தத்தில் எந்தக் கல்யாணம் வந்தாலும், யாருக்குக் குழந்தை பிறந்தாலும், பரிசு வாங்கக் கடைக்குப் போனதில்லை. கம்பெனிப் பங்கு ஒன்றை எழுதி, பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மிக்சி வருமென்று ஆசையாகப் பிரித்துப் பார்க்கிற மணப்பெண்களின் முகத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் நழுவிவிடுவாள்.

யார் யாருக்குக் கொடுத்தது என்பது அவளுக்குத்தான் ஞாபகம் இருந்தது.

"இவரோட சித்தப்பா, வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்கார். அவரோட மூத்த சம்சாரத்துப் பொண்ணு, இளைய சம்சாரத்துப் பையன். என் தம்பி. என் தம்பியோட மாமியாருக்கு ஒண்ணு, அது ஏன் குடுத்தோம்னு இன்னிவரைக்கும் புரியலை. பெரியம்மா பேத்தி பல் டாக்டருக்கும் அவ புருஷனுக்கும் சேர்த்து ஒண்ணு. அவன் இப்ப அவகூட இல்லை, ஆனா பத்திரம் அவன்கிட்டதான் இருக்கு. அவனோட புதுச் சம்சாரம் அதை ஹால்ல மாட்டியிருக்கான்னு கேள்வி."

வக்கீலம்மாவின் பேனா நின்றுவிட்டது. "இது கம்பெனியா, கல்யாண ஆல்பமா?"

"சம்மதிப்பாங்க மேடம்" என்றார் குடைக்காரர்.

"சம்மதிக்கணும். இத்தனை பேரையும் கூட்டி வச்சு ஓட்டு எடுக்கணும். நாலு பங்குல மூணு பங்கு மூடலாம்னு சொன்னாத்தான் செல்லும். பெரிய பங்கு யார்கிட்ட இருக்கு?"

"எங்கக்காகிட்ட. மூணுல ஒரு பங்கு. அவ கல்யாணத்துக்கு அப்பா குடுத்தது."

அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள் அவள். நாத்தனாருக்கும் அவளுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சே இருந்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்கு நாத்தனார் வருவார். முன்வரிசையில் உட்கார்ந்து கணக்கை வரிவரியாகப் படிப்பார். டீயைக் குடித்துவிட்டு, வந்த வழியே போய்விடுவார். அவ்வளவுதான் உறவு.

வக்கீலம்மா எல்லாருக்கும் முறைப்படி தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். அங்கே பிடித்தது சனியன். மறுநாளே சித்தப்பா போன் பண்ணினார்.

"கரண்ட் பில்லு மாதிரி எனக்குத் தபால் வருது. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கூப்பிட ஆளில்லையா உங்க வீட்ல? நான் செத்துப் போயிட்டேனா?"

தம்பியின் மாமியாரும் அதையே சொன்னார். பல் டாக்டரின் பழைய புருஷன் இன்னும் காரமாகவே சொன்னான்.

"சட்டப்படி கூப்பிட்டாச்சு. வராதவங்க வராம போகட்டும்" என்றார் வக்கீலம்மா.

"சட்டத்துக்கு இவங்களைத் தெரியாது மேடம். கோவத்துல வராம இருக்க மாட்டாங்க. கோவத்தோட வந்து மாத்தி ஓட்டுப் போடுவாங்க" என்றாள் குடைக்காரர் மனைவி.

ஆகவே கம்பெனியை மூடுகிற கூட்டத்துக்குக் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடுவீடாகப் போய் அழைத்தார்கள். தீர்மானத்தை விளக்கிச் சொல்ல வக்கீலம்மாவும் கூடவே போனார். சித்தப்பா கடைக்குப் போனபோது மட்டும், அந்த ரொட்டிக்கடைக் கதை நினைவுக்கு வந்து, "மேடம், நீங்க வெளியவே நில்லுங்க" என்றாள் அவள்.

வெளியே நிறுத்தியதுதான் தப்பு. வாட்ச் கடை வாசலில் மூடுவிழா நிற்கிறார் என்ற செய்தி தெருக்கோடிவரை பரவிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்து வருஷக்கணக்காக வாங்காமல் விட்டிருந்த ஜனமெல்லாம் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்தது. சுவர்க் கடிகாரத்தை ஒருத்தர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். சித்தப்பாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அலமாரி காலியாகிக் கல்லாப்பெட்டி நிறைந்திருந்தது. அவர் வெளியே வந்து வக்கீலம்மாவைக் கும்பிட்டார்.

"அம்மா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து இப்படிச் சும்மா நின்னுட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இவங்க கம்பெனிக்கு நான் ரெண்டு கையையும் தூக்கறேன்."

நாத்தனார் வீட்டில் மட்டும் எந்தக் கலகலப்பும் இல்லை. தண்ணீர் கொடுத்தார். தீர்மானத்தை வாங்கி வரிவரியாகப் படித்தார். "வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

கூட்டம் குடைக் கூடத்திலேயே நடந்தது. தையல் மிஷின்களை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். கம்பெனியைக் கலைக்கப் பொறுப்பேற்கிற கணக்காளரையும் வக்கீலம்மா கூட்டிவந்திருந்தார். அவர் ஒல்லியான மனிதர், வாய் திறந்து பேசாதவர். வக்கீலம்மா எழுந்து தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். "இந்தக் கம்பெனியைத் தாமாகவே முன்வந்து" என்பதுவரை குரல் கணீரென்று இருந்தது. "கலைத்துவிடுவதென்று" என்ற இடத்தில் மூக்கை உறிஞ்சினார். அடுத்த வரியில் அழுதேவிட்டார்.

கூட்டம் விழித்தது. கணக்காளர் பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"மேடம் எப்பவும் இப்படித்தான். பிஸ்கட் கம்பெனிக்கும் அழுதாங்க. எலி மருந்துக் கம்பெனிக்கும் அழுதாங்க" என்று சபைக்கு விளக்கினார்.

ஒருவழியாகப் படித்து முடித்து, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். சித்தப்பா சொன்னபடி இரண்டு கையையும் தூக்கினார். தம்பியின் மாமியார் தூக்கினார். பழைய புருஷனும் பல் டாக்டரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தூக்கினார்கள். முன்வரிசையில் நாத்தனாரின் கை மடியிலேயே இருந்தது.

"எங்கப்பா ஆரம்பிச்சது. நான் தூக்க மாட்டேன்" என்றார்.

காற்றில் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்ட குடை மாதிரி ஆகிவிட்டது குடைக்காரர் முகம். நாத்தனாரின் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் மற்ற எல்லாரும் கைகாலைத் தூக்கினாலும் தீர்மானம் நிறைவேறாது. முதல் தேதிக்கு முன்னால் இன்னொரு கூட்டம் போட நோட்டீஸ் கொடுக்கவும் நாளில்லை.

வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "டீக்காகக் கூட்டம் சற்று நேரம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார்.

பின்னறையில் குடைக்காரர் மனைவி டீ கலந்தாள். நாத்தனார் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். வக்கீலம்மா இன்னும் விசும்பிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா கம்பெனிக்கு நானே அழலை. நீங்க யாரு அழறதுக்கு?" என்றார் நாத்தனார் எரிச்சலோடு.

"யாராவது ஒருத்தர் அழணுமில்லையா. எங்க மாமா கம்பெனி போனப்போ யாரும் உக்காந்து அழலை. ஓடறதுக்கும் ஒளியறதுக்குமே நேரம் சரியாப் போச்சு."

நாத்தனார் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்பெனி போனாப் போகட்டும். லாபம் வந்து நான் என்ன கண்டேன். வருஷத்துக்கு ஒரு நாள் பொறந்த வீட்ல இருந்து எனக்கு அழைப்புன்னு ஒண்ணு வரும். அது இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான். இதையும் மூடிட்டா எதைச் சொல்லிக்கிட்டு இந்தப் படி ஏறுவேன்?"

குடைக்காரர் மனைவி சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கரைந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. அந்தக் கணக்கை நாத்தனார் அத்தனை மெதுவாக, வரிவரியாகப் படித்தது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது. படித்து முடித்தால் எழுந்து போகவேண்டும் அல்லவா.

"கூட்டம் இல்லேன்னா என்ன அண்ணி, மாசாமாசம் வாங்க. நோட்டீஸ் நான் அனுப்பறேன்."

"தபால்லயா?"

"நேர்லயே வந்து கூப்பிடறேன்."

"டீ இப்படித்தான் இருக்குமா?"

"இல்லை அண்ணி, வேற போட்டுத் தர்றேன்."

நாத்தனார் வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "நீங்க முதல்ல கண்ணைத் துடைங்க. இந்தாங்க, தூக்கிட்டேன்" என்று கையை உயர்த்தினார்.

வக்கீலம்மா துண்டை மடித்தபடி எழுந்தார். "இங்க தூக்கினா செல்லாதும்மா. கூட்டத்துல வந்து தூக்குங்க."

தீர்மானம் நிறைவேறியது. கணக்காளர் எழுந்து நின்று, "இந்த நிமிஷத்துல இருந்து இங்க இருக்கிற ஒவ்வொரு பொருளும் என் பொறுப்பு" என்று அன்றைக்கு இரண்டாவது முறையாகப் பேசினார். அப்போது பார்த்து வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுவர் முழுக்கக் குடை தொங்கியது. சித்தப்பா ஒன்றை உருவப் போனார்.

"தொடாதீங்க. எல்லாம் கணக்குல ஏறியாச்சு."

"ஏம்ப்பா, வண்டிவரைக்கும் பிடிச்சிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துடறேன்."

"சட்டம் இடம் குடுக்காது."

புயலுக்கும் மடங்காத குடைகள் அத்தனையும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்க, அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் அவ்வளவு பேரும் தொப்பலாக நனைந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். மழைக்கோட்டு இருந்தது வக்கீலம்மா ஒருவருக்குத்தான். அதை அவர் நாத்தனாருக்குப் போர்த்திவிட்டுத் தானும் நனைந்துகொண்டு போனார்.

குடைக்காரர் முதல் தேதி வேலையில் சேர்ந்தார். டப்பாக்களில் இருந்த நம்பர்களை அவள் அன்றைக்கே சுரண்டி எடுத்தாள். நாத்தனார் மாதம் தவறாமல் வருகிறார். டீ சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். மூட வேண்டிய வேலையெல்லாம் முடிந்து, கம்பெனியின் பெயரைப் பதிவேட்டில் இருந்து அடித்துவிட்டதாக உத்தரவு வருவதற்கு அதற்குமேல் ஒரு வருஷம் பிடித்தது. அதை வக்கீலம்மாவே கொண்டுவந்து கொடுத்தார், கொடுக்கும்போதும் அழுதார்.

வக்கீலம்மா இப்போது புது வழக்கு எடுப்பதில்லை. முழங்கால் ஆபரேஷன் ஆகி, பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைசித் தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார்.