‘மாட்டேன்’ என்று சொன்ன டாக்டர்

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு போகும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தினார். செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, வால்வும் கசிகிறது, இரண்டையும் மாற்ற வேண்டும், குழாய் வெடித்தால் பிழைக்க மாட்டார் என்றார்கள். எங்கே செய்வது என்று கேட்டேன். நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள் என்றார்கள்.

என் பெயர் எஸ்தர். ஊர் செய்யூர் பக்கம். மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிறேன். ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்கிக் குழம்புகிறவள் நான். புருஷன் நெஞ்சைப் பிளக்க யாரிடம் கொடுப்பது என்று நான் முடிவு பண்ண வேண்டுமாம்!

தம்பி ஒரு ஆஸ்பத்திரி சொன்னான். வேன் முதலாளி வேறொன்று சொன்னார். திருக்கழுக்குன்றத்து நாத்தனார் இரண்டையும் குறை சொல்லி மூன்றாவதைக் காட்டினாள். யார் சொன்னாலும் சரி என்றுதான் தோன்றும். போனை வைத்ததும் சந்தேகம் வந்து அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஆண்டவரே, இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் எங்கே போவேன் என்று அழுதேன். கோபத்தில் திட்டவும் செய்தேன்.

கடைசியில் பாஸ்டரிடம் போய், ஆஸ்பத்திரி பெயர்களை எழுதிச் சீட்டுப் போடலாம் என்றேன். அவர் தயங்கினார். பைபிளில் அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லையா என்று அவரையே மடக்கினேன். காணிக்கைப் பையில் சீட்டுகளைப் போட்டு ஜெபித்து எடுத்தோம். ஒரு தனியார் ஆஸ்பத்திரி வந்தது. அப்பாடா என்றிருந்தது.

அங்கே இருந்த சர்ஜன் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். இந்த ஆபரேஷனை நான் செய்ய மாட்டேன் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

“ஆண்டவரு உங்களத்தான் சார் காட்னாரு. சீட்டுல உங்க ஆஸ்பத்திரி பேருதான் வந்துச்சு. மாட்டேன்னா நான் இவர எங்க சார் இட்டுகினு போவேன்?” என்று கத்திவிட்டேன். “வாமே, போலாம்” என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. “பைபாஸ்னா நானே பண்ணிடுவேம்மா. இது எனக்கு எப்பவாவது ஒண்ணு வரும். எங்க அப்பாவா இருந்தா, இதையே அடிக்கடி பண்றவங்ககிட்டதான் கூட்டிட்டுப் போவேன்” என்றார். சென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மாவுக்கு அவரே போன் போட்டுப் பேசினார். அந்த ஆஸ்பத்திரி பெயரை நாங்கள் யாருமே சீட்டில் எழுதவில்லை.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியா என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். ஆனால் தேடி வந்த நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்? என்னைவிட நன்றாகச் செய்கிறவர் இருக்கிறார் என்று ஒரு பெரிய டாக்டரைச் சொல்ல வைத்தது யார்? பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மாவிடம், அடிக்கடி செய்வீர்களா, உயிருக்கு ஏதாவது ஆகுமா என்று நேராகவே கேட்டேன். அடிக்கடி செய்வேன், ஆனாலும் ஆபத்து இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். ஆபரேஷன் அன்று கதவை மூடியதும் எனக்கு ஜெபமே வரவில்லை. இயேசப்பா, இயேசப்பா என்று மட்டும் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா வெளியே வந்து, “நல்லா இருக்காரும்மா” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சகோதர சகோதரிகளே, எங்கே போவதென்று தெரியாமல் ஸ்கேன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறவர்கள் உங்களில் இருந்தால், கூச்சப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். ஒருவர் மாட்டேன் என்றால் இடிந்து போகாதீர்கள். எனக்கு ஆண்டவர் அந்த வார்த்தையில்தான் பதில் சொன்னார். இப்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்தால், புது வால்வு டக் டக் என்று அடிப்பது காதில் கேட்கிறது. அது கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.