முப்பத்தொரு கையில் குளம் கடந்தவர்

இது நடந்த கதை. ஒரு சொல்லும் பொய்யில்லை. சரி, குளத்தைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறேன். ஆனால் வீரகத்தியாரின் வயிற்றை ஒரு விரற்கடை கூட்டவில்லை. அது உள்ளபடியே உள்ளது.

மாங்குளத்துக்கு மேற்கே குடியேற்றத் திட்டத்தில் நெல் விதைத்த வீரகத்தியார், யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் நீந்தப் பழகியவர். கிணற்றில் இரண்டு கை போட்டால் எதிர்ச்சுவர், திரும்ப வேண்டும். திரும்பித் திரும்பிப் பழகிய உடம்பு, குளத்துக்கு வந்த பிறகும் திரும்பியது. வேகமாகக் கை போட்டாரென்றால் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றுவார். அந்தச் சுழியில் ஒருமுறை இரண்டு எருமைகள் இழுபட்டதாகக் கேள்வி.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், தை மாதம். குளக்கட்டுப் பிள்ளையார் பொங்கலுக்கு நீச்சல் போட்டி வைத்தார்கள். பரிசு, துணி தோய்க்கிற சவர்க்காரம், முழு நீளக் கட்டி ஒன்று. சிரிக்காதீர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் அதற்காகக் கடலையும் நீந்தியிருப்பார்கள். வீரகத்தியாரிடம் இரண்டு வேட்டிகள் இருந்தன. சவர்க்காரமில்லாமல் பனம்பழத்தில் தோய்த்துக் காயப்போட்டதில், வாசத்துக்கு வந்த மாடு ஒரு வேட்டியைச் சப்பி விழுங்கிவிட்டது. மிஞ்சியது சேற்று நிறத்தில் ஒன்று. மாசியில் மகள் பிரேமிளாவுக்குக் கல்யாணம்.

"இந்த வேட்டியோட மணவறைக்குக் கிட்ட வந்தீங்களெண்டா, சமையல்காரனெண்டு சொல்லிக் குசினிக்க விட்டிடுவன்," என்றாள் மனைவி விமலேஸ்வரி. "சவர்க்காரத்தோட வாங்கோ. இல்லாட்டிக் குளத்துக்கயே கிடவுங்கோ."

ஒரு சிக்கல். குளம் நிறையத் தாமரை. வெட்டித் துப்புரவாக்கிய பாதையில் ஒருவர்தான் போகலாம். தனித்தனியாக நீந்தினால் யார் வேகம் என்று எப்படித் தெரியும்? பற்றரிக்கும் தடை. ஊரிலிருந்த மணிக்கூடுகள் எல்லாம் ஆளுக்கொரு நேரத்தில் செத்துக் கிடந்தன. நடுவர் முத்துலிங்கம், ரயில் ஓடாத ஸ்டேசனின் மாஸ்டர், யோசித்துச் சொன்னார்:

"கையை எண்ணுவம். குறைஞ்ச கையில வாறவன்தான் கெதியா வாறவன். கை குறைஞ்சா நேரமும் குறையுந்தானே?"

ரயில் ஓடாத ஊரில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் சரியாகவே பட்டது.

முதலில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பழனியாண்டி இறங்கினார். ஆள் மீன்கொத்தி. வலை பார்க்க அவசரமில்லாமல் ஆறுதலாகப் போனால் அறுபது கையில் குளத்தைக் கடப்பார். ஆனால் நேர்மையான மனிசன். போட்டியென்றால் வேகமாகப் போக வேண்டும் என்று நம்பிவிட்டார். கையைக் கிட்டக் கிட்டப் போட்டு, காலை உதறி அடித்ததில் குளக்கட்டில் நின்ற சனமெல்லாம் குளித்தது. எண்ணிக்கை நூற்றிரண்டு.

வீரகத்தியாருக்கு வேட்டி கண்ணுக்குள் நின்றது. வேகம் எடுத்தால் சுற்றத் தொடங்குவார். ஆகவே தன் சோம்பலை நம்பினார். ஒரு கையை முன்னே நீட்டி இழுத்தார். நீட்டி நிமிர்ந்து அப்படியே கிடந்தார். வயிறு தோணியானது. வழுக்கிக்கொண்டு போய், ஓட்டம் முற்றாக நின்ற பிறகுதான் மற்றக் கை. "ஒண்டு" என்று எண்ணிய சனம், வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து "ரெண்டு" என்றது. நடுக்குளத்தில் நீர்க்காகம் ஒன்று அவர் முதுகில் குந்தியிருந்து இறகு உலர்த்தியது.

"உசிரோடதான் இருக்கிறியளோ?" விமலேஸ்வரி குளக்கட்டில் நின்று கத்தினாள்.

"கதை குடுக்காதை! கை எண்ணிக்கை கூடிப்போம்!"

முப்பத்தொரு கையில் கரை சேர்ந்தார். பொங்கல் ஆறி, பிள்ளையாருக்கே கொட்டாவி வந்த நேரம். முத்துலிங்கம் சவர்க்காரத்தை நீட்டினார். கல்யாணத்தன்று அந்த வேட்டி வெளுத்திருந்த வெளுப்பில், மாப்பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டுதான் தாலி கட்டினார்.

நான் சொல்லிவந்த கதை இந்த இடத்துக்கு வந்ததும், கேட்டுக்கொண்டு குந்தியிருந்த பழனியாண்டி எழும்பினார்.

"என்னங்க கதை இது? நான் கரையேறி, தலை தொவட்டி, சோறு தின்னு, ஒரு தூக்கமும் போட்டேன். இந்த ஆளு அப்பவும் நடுக்கொளத்துல மெதந்துகிட்டு இருந்தாரு. இதுதான் வேகமா?"

"நீ எங்கை நீந்தினனி? தண்ணிக்கு அடிச்சனி!" பக்கத்தில் இருந்த வீரகத்தியாரும் எழும்பிச் சால்வையை உதறினார்.

"பொணம் ஒரு கைகூடப் போடாம கரை சேரும், அண்ணே. அதுக்கும் சோப்பு குடுப்பீங்களா?"

"ஆரையடா பிணமெண்டனி?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்கோ. நான் சொன்ன தீர்ப்பு சரிதான்," என்று அங்கேயே இருந்த முத்துலிங்கம் இடையில் புகுந்தார். பழனியாண்டி வீரகத்தியாரை விட்டுவிட்டு மாஸ்டரின் சட்டைக் கொலரைப் பிடித்தார்.