பாரசீகக் கல்லின் முதுகு

இரங்கூனில் எனக்கு அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிற வேலை. வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு வீட்டில் திருடன் என்று பேர் வந்தால் தெருவே கதவைச் சாத்திவிடும். பிறகு பிழைப்பு இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு மழைக்காலம். பாரசீக வியாபாரி ஒருவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார், அங்கே சமைக்கிற பாய். எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கல். உயரத் தொப்பியும் சுருள் தாடியுமாக ஒரு ஈட்டிக்காரனைச் செதுக்கியிருந்தார்கள். தாடியில் பாசி. மூக்கு பொருக்குவிட்டிருந்தது.

முதலாளி இந்துஸ்தானியில் சொன்னதை பாய் தமிழில் சொன்னார்.

"பழைய ராசா அரண்மனைக் கல்லாம். அந்த அரண்மனை இடிஞ்சு ஆடு மேயுதாம். இது மட்டும் அவுக பாட்டன் காலத்துலேருந்து வீட்டுல பத்திரமா இருக்காம். பாசிய எடுக்கணும். உளி படக்கூடாது."

உளியை முதலாளியே வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் வாசல்காரன் என் பையை உதறிப் பார்த்தான்.

மறுநாள் முதலாளி வியாபாரமாகப் பக்கத்து ஊரான மாவ்பிக்குப் போனார். தேங்காய் நாரால் தேய்த்தேன். பின்பக்கம் தேய்க்கும்போது உளித்தடம் கையில் பட்டது. பழைய தடம் மழுங்கியிருக்கும். இது கையைக் கீறியது. யாரோ சுவரிலிருந்து அவசரமாகப் பெயர்த்திருக்கிறார்கள். சில வருஷம்கூட ஆகியிராது. பாட்டனாவது ஒன்றாவது, திருட்டுக் கல்.

கல்லை உலரவிட்டு, முகப்பு முழுக்க நல்லெண்ணெய் தடவினேன். எங்கள் ஊரில் சாமி கல்லுக்கு அப்படித்தான். கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

திரும்பி வந்த முதலாளி கல்லைப் பார்த்ததும் கத்தினார். கல் கன்னங்கரேலென்று இருந்தது.

"கல்லை மாத்திட்டியாம். போலீசுக்கு ஆள் விடுறாராம்" என்றார் பாய். "ஏம்ப்பா, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டவா உன்னைக் கூட்டியாந்தேன்? என் சோத்துலயும் மண்ணு!"

"பாய், ஒரு கை பிடிங்க."

இருவரும் கல்லைத் திருப்பினோம். பின்பக்கம் எண்ணெய் படாத சாம்பல் நிறம்.

"இந்த வெட்டு அவர் கல்லுல இருந்ததா, கேளுங்க. இது புது வெட்டு. போலீசு வந்தா அவுகளுக்கும் காட்டுவேன்."

பாய் மென்று விழுங்கித்தான் சொன்னார். முதலாளி தடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போலீசுக்கு ஆள் போகவில்லை. என் உளி திரும்பி வந்தது.

இரண்டு நாளில் மறுபடி கூப்பிட்டார். கல்லை முற்றத்துச் சுவரில் பதிக்க வேண்டுமாம். அந்த வெட்டு இருக்கிற முதுகு உள்ளே போக வேண்டும்.

"இந்த ஊர் மழைக்குச் சுவர்ல ஈரம் ஏறும். கல்லு உப்புப் பூத்து முகம் உரிஞ்சிரும். சொல்லுங்க பாய்."

பாய் சொன்னார். முதலாளி தலையசைத்தார்.

"தெரியுமாம். பதிக்கச் சொல்றாரு."

சுண்ணாம்பு குழைத்துப் பதித்தேன். முடிகிறவரை அவர் பக்கத்திலேயே நின்றார். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.