சம்மன் அக்கா போன வீடு

விடுதிப் பெண்கள் வார்டனுக்கு வைத்திருந்த பெயர் சம்மன் அக்கா. விடுமுறை முடிந்தும் ஒரு பெண் திரும்பி வரவில்லையென்றால், சம்மன் கொண்டுவரும் கோர்ட்டு ஆள் போல அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அதனால் வந்த பெயர். அவளுக்கும் அது தெரியும். வார்டன்கள் இதைவிட மோசமான பெயரெல்லாம் வாங்கியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

வேறொரு நல்ல வேலை கிடைக்கும்வரை என்றுதான் இதில் சேர்ந்தாள். கிடைக்கவில்லை. அதற்குள் தலை நரைத்து, முட்டியும் தேய்ந்துவிட்டது. "உனக்குச் சம்பளம் குடுக்கறது விடுதியைப் பாத்துக்க. ஊரையே பாத்துக்க இல்ல," என்பார் தையல்கடை வைத்திருக்கும் கணவர். அவர் சொல்வதில் தப்பில்லை என்றே அவளுக்கும் படும். பதில் சொல்லத்தான் அலுப்பாக இருக்கும்.

அந்த வருடம் கல்லூரியில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை எட்டிப் பிடித்துவிட்டது. முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டார். படம் எடுக்க அவருக்கு ஒரு யோசனையும் வந்தது. வேதியியல் இரண்டாம் ஆண்டில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். பஞ்சர் கடைக்காரரின் மகளும், அவளுக்குச் சில நிமிடம் பின்னால் பிறந்த மகனும். "ஒரே வீட்ல ஒரு பையன், ஒரு பொண்ணு. இதைவிட என்ன வேணும்? ரெண்டு பேரையும் கொண்டாந்து நிறுத்துங்க!" என்றார்.

பையன் தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நின்றான். பெண் வரவில்லை. விடுமுறைக்குப் போனவளின் படுக்கை இன்னும் சுருட்டியபடியே கிடந்தது. வார்டன் அதைச் சொன்னதும் முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, வேற ஒரு பொண்ணை நிக்க வைங்கம்மா. நேரமாவுது."

யாரோ ஒருத்தியைப் பிடித்து நிறுத்தினார்கள். புகைப்படக்காரர், "கொஞ்சம் ஒட்டி நில்லும்மா, கூடப் பொறந்தவன்தானே!" என்றார். அந்தப் பெண் நெளிந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வார்டனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் பையனைப் பிடித்தாள். "உன் அக்கா எங்கடா?"

"வீட்ல. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சுபோச்சு, மேடம். படுத்த படுக்கை. யாராவது பாத்துக்கணும்ல?"

"நீ?"

அவன் விழித்தான். யாரும் அவனிடம் அதுவரை கேட்காத கேள்வி அது. கெட்ட பிள்ளை இல்லை. தனக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றாத பிள்ளை, அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. சேந்தே போலாம்," என்றாள்.

பஞ்சர் கடைக்குப் பின்னாலேயே வீடு. ரப்பர் வாடை கூடம்வரை வந்தது. கட்டிலில் தாய். அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்த பெண் வார்டனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகம் பாதியாக இளைத்திருந்தது.

தகப்பனார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நீங்க வந்தது பெரிய விஷயம்மா. ஆனா என் நிலைமையையும் பாருங்க. வீட்ல ஒருத்தர் இருந்தாகணும்."

"இருக்கத்தான் வேணும்ணே. அது ஏன் இவளா இருக்கணும்?"

"பையன் படிப்பை நிறுத்தச் சொல்றீங்களா?"

"ரெண்டு படிப்பையும் நிறுத்த வேணாங்கறேன். கடை வீட்டு வாசல்ல. நீங்க நாள் முழுக்க இங்கதான இருக்கீங்க?"

"சோறு எப்படியாவது பொங்கிருவேன். ஆனா குளிப்பாட்டறது, தூக்கி உக்கார வைக்கிறது... பொம்பளைக்குப் பொம்பளைதானேம்மா செய்யணும்?"

வார்டன் இத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறாள், இந்த இடத்தில்தான் பேச்சு எப்போதும் முட்டி நிற்கும். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"லாரி டயரைத் தூக்கற கைதானே? கட்டின பொண்டாட்டியைத் தூக்கினா உதுந்துருமா?"

"நீ சும்மா இரு."

"சும்மாதான் கெடக்கேன். எழுந்திரிக்க முடியலையே! என்ன வெக்கம் உங்களுக்கு இப்ப வந்து? ரெட்டைப் புள்ளை பெத்தப்ப வராத வெக்கம்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெண் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தகப்பனார் முகம் சிவந்து, பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் முடிவானது இதுதான்: மனைவியை அவர் பார்த்துக்கொள்வது, சனி ஞாயிறு பையன் வந்து துணி துவைத்துச் சமைப்பது, பெண் கல்லூரிக்குத் திரும்புவது.

ஆனால் திரும்பியவளை வருகைப் பதிவு குறைவென்று தேர்வில் உட்காரவிடவில்லை. வார்டன் துறைத்தலைவரிடம் போனாள், முதல்வரிடம் போனாள். "விதின்னு ஒண்ணு இருக்குல்லம்மா," என்றார் முதல்வர். அவர் தலைக்கு மேலே சட்டம் போட்டு அந்தப் படம் மாட்டியிருந்தது. தம்பி மூன்றாம் ஆண்டுக்குப் போனான். அக்கா இரண்டாம் ஆண்டிலேயே மறுபடி உட்கார்ந்தாள்.

ஒரு சாயங்காலம் அறையைக் கூட்டாமல் போட்டிருந்ததற்காக வார்டன் கடிந்துகொண்டபோது அந்தப் பெண் வெடித்துவிட்டாள். "ஏன் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? வருஷமும் போச்சு. அம்மா அங்க எப்படிக் கெடக்காங்களோன்னு எனக்கு இங்க சோறு எறங்கல. நான் உங்களைக் கேட்டனா?"

கேட்கவில்லைதான். வார்டன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். முட்டியை நீவிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே துடைப்பத்தை எடுத்தாள்.

அவள் ஒரு வருடம் பிந்திப் படித்து முடித்தாள். போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. குடிநீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்பதைத் தம்பிதான் ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னான். அம்மா கோலூன்றி நடக்கிறாளாம்.

"நீ இப்ப நல்லா சமைப்பியா?" என்று வார்டன் கேட்டாள்.

"எங்க மேடம்! உப்பு மட்டும் இன்னும் பிடிபடல. அப்பாவே பரவாயில்ல," என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அவன் வற்புறுத்தி வாங்கிக்கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.